சத்தப் பயிற்சி

அந்த வீட்டில் மாமனாருக்கு ‘ஹாரன்’ என்று பெயர். வைத்தது வெளியாள் இல்லை, பெற்ற மகனேதான். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். ஓய்வு பெற்ற அன்று பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு ஹாரனை மட்டும் தொண்டையில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்பது மகனின் கிண்டல். அவர் தும்மினால் கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்ப்பார். ரகசியம் என்று அவர் ஒருவர் காதில் சொன்னால் தெருக்கோடியில் இருக்கிறவன் “அப்படியா?” என்பான். உடம்பில் ரத்தக் கொதிப்பு உண்டு. மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் மறந்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட ஹாரன், ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஒலிக்கவில்லை. கதை அதுதான்.

மருமகள் நகராட்சியின் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஊரெல்லாம் இருந்து வரும் பாட்டில்களைத் திறந்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து அதே மேஜை, அதே ஸ்டூல். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் மேல்படிப்பு இருந்த ஒரே காரணத்தால் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அவள் சொட்டு விட்டாள், அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

மேல்படிப்பில் சேர ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. தேறினால் படிப்பு விடுப்புத் தரக் கூடத்தில் விதி இருந்தது. ஆனால் அதற்கு வயது வரம்பு. அவளுக்கு அந்த வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இந்த முறை மதிப்பெண் வராவிட்டால், தலை நரைத்து வீட்டுக்கு அனுப்பும் வரை பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

படிப்பில் அவள் சோடை இல்லை. கோளாறு காதில் இருந்தது. ஊசி விழுந்தால் திரும்பிப் பார்க்கிற பிறவி. முதல் தடவை தேர்வு மையத்தில் பக்கத்து இருக்கைக்காரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். இவள் கேள்வியை விட்டுவிட்டு, அடுத்து எப்போது உறிஞ்சுவான் என்று காத்திருந்தாள். இரண்டாம் தடவை மேற்பார்வையாளரின் செருப்பு கிறீச்சிட்டது. அதோடு அந்த வருஷமும் போயிற்று. அதனால்தான் இந்த முறை வீட்டிலிருந்தே எழுதும் வழியைத் தேர்ந்தெடுத்தாள். அதற்கென்று ஓர் இணையவழிப் பயிற்சியிலும் சேர்ந்தாள்.

பயிற்சி நன்றாகத்தான் இருந்தது. வேலை முடிந்து வந்ததும் படுக்கையறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்தால், மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் திரையில் தோன்றி கணக்கையும் வாசிப்பையும் தர்க்கத்தையும் பிட்டுப் பிட்டு வைப்பார். ஹாரன் அவருக்கு ‘பெட்டி வாத்தியார்’ என்று பெயர் வைத்தார். “என்னம்மா, பெட்டி வாத்தியார் இன்னைக்கு என்ன சொல்றார்?” என்று கேட்டுக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் முழு வகுப்பையும் பார்ப்பார்.

ஒரு நாள் பெட்டி வாத்தியார் வீட்டுத் தேர்வின் சட்டதிட்டங்களைச் சொன்னார். கேமரா உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் எங்கோ ஒரு கண்காணிப்பாளர் இருப்பார். எழுந்தால் தேர்வு ரத்து. யாரிடமாவது பேசினால் ரத்து. வேறு ஆள் அறைக்குள் வந்தால் ரத்து. திரும்பித் திரும்பிப் பார்த்தாலும் ரத்து.

“சத்தம் உங்களைத் தேடி வரும். நீங்க அதைத் தேடிப் போகாதீங்க,” என்றார் வாத்தியார். “வீட்ல இருக்கிறவங்களை வேணும்னே சத்தம் போடச் சொல்லுங்க. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. திரும்பாம இருக்கப் பழகுங்க. பழகிட்டீங்கன்னா பாதி பரீட்சை பாஸ்.”

ஹாரன் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார். “அட! இதுக்குத்தானம்மா நான் பொறந்தேன்!”

அப்படித்தான் ஆரம்பித்தது. கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. அன்பில்தான் எல்லாம் நடந்தது.

பயிற்சியில் மாதிரித் தேர்வுகள் இருந்தன. அதிலும் கேமரா உண்டு. கண் திரையை விட்டு விலகினால் திரையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் ஒன்று பளிச்சென்று எரியும். மூன்று தடவை எரிந்தால் தேர்வு அப்படியே அணைந்துவிடும். முதல் ஞாயிற்றுக்கிழமை ஹாரன் கதவுக்கு வெளியே ஒரு தட்டைப் போட்டார், எரிந்தது. “அம்மாடி!” என்றார், எரிந்தது. “பால் பொங்குது!” என்றார், அணைந்தே விட்டது. வெளியே வந்த மருமகள் அழாத குறை.

“பால் எங்க மாமா பொங்குது? வீட்ல பாலே இல்ல.”

“அதுதான் உனக்கே தெரியுதே. அப்புறம் ஏன் திரும்பினே?” என்று சிரித்தார் மனிதர்.

வாரங்கள் போகப் போக அவருக்குத் தொழில் சூடு பிடித்தது. “அம்மாடி, வாசல்ல உன் ஆபீஸர் வந்து நிக்கிறார்!” என்பார். “உன் புருஷன் ரெண்டாவது பொண்டாட்டியோட வந்திருக்கான், வந்து நாற்காலி எடுத்துப் போடு!” என்பார். இதைக் கேட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த எதிர்வீட்டம்மாள் நிஜமாகவே நின்று எட்டிப் பார்த்தாள். “ஐயோ, வழுக்கி விழுந்துட்டேனே, இடுப்பு போச்சே!” என்று ஒரு நாள் அலறினார். அந்த அலறலுக்கு மருமகளின் முதுகு மட்டும் ஒரு முறை சிலிர்த்தது. கண் அசையவில்லை. கட்டம் எரியவில்லை.

வெளியே வந்தபோது ஹாரன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கை தட்டினார். “சபாஷ்! மாமனார் செத்தாலும் திரும்ப மாட்டே நீ!”

“வாயைக் கழுவுங்க மாமா,” என்றாள். சொன்னாளே தவிர, அவளுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். மதிப்பெண் ஏறிக்கொண்டிருந்தது.

பிடிக்காதவன் மகன் ஒருவன்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவன் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு மணி அடித்தாலும், பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறவன். மணி அடித்தால் போக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வாழ்க்கையில் வேறு தத்துவம் கிடையாது.

“போதும்ப்பா, நிறுத்துங்க,” என்றான் ஒரு நாள். “புலி வருது கதையா ஆயிடப் போகுது.”

“புலி வந்தா நான் பார்த்துக்கிறேன்டா. நீ உன் லிஃப்டைப் பாரு,” என்றார் அப்பா.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு சம்பவம் நடந்தது. மருமகளின் மேஜைக்கு அடுத்த மேஜையில் ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தது. அங்கே வேலை பார்த்தவளின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. கூடமே ஓடி வந்தது. இவள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் மருந்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். “உனக்குக் காது அடைச்சுப் போச்சாடி? உன் பேரைச் சொல்லித்தானே கத்தினேன்!” என்று கட்டுப்போட்ட கையோடு தோழி கேட்டபோதுதான் இவளுக்கு உறைத்தது. சத்தம் கேட்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டிருந்தது. உடம்புதான் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்டாள். ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும்போது, ‘பரவாயில்லை, பழகிவிட்டேன்’ என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு வந்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். அந்த வெட்கம், அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வரைதான் தாங்கியது.

கடைசி மாதிரித் தேர்வன்று வெளியே ஒரு டம்ளர் விழுந்தது. உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. அதற்குப் பிறகு வழக்கமான கூச்சல் ஒன்றும் இல்லை. முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தாள். ஹாரன் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் தேநீர்.

“சத்தம் ஜோர்தான் மாமா. அதுக்காக டீயோடவா போடுவாங்க?”

அவர் கொஞ்சம் பொறுத்துத்தான் பேசினார். பேச்சு குழறியது. “நிஜமா… இருக்கணும்ல.”

“நாக்கு என்ன ஆச்சு?”

“சுட்டுடுச்சு.”

தேநீரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காத மனிதர் அவர். வீணாக்குவது என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. எங்காவது குழாய் சொட்டுவது காதில் விழுந்தால் அடுத்த வீட்டுக்குள்ளும் புகுந்து மூடிவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் முழு டம்ளரைத் தரையில் கொட்டுவாரா? மருமகளுக்கு அது உறுத்தியது. மாத்திரை போட்டீர்களா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அறைக்குள்ளிருந்து மணி ஒலித்தது, மதிப்பெண் வந்துவிட்டது என்று. ஓடிப் போய்ப் பார்த்தாள். இதுவரை வாங்காத மதிப்பெண். திரும்பி வந்தபோது அவர் தரையைத் துடைத்து முடித்து, “எவ்வளவும்மா?” என்று தெளிவாகவே கேட்டார். கேட்க வந்ததை அவள் மறந்துபோனாள். அன்று கேட்டிருந்தால் கதை வேறு. கேட்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. மகன் விடிந்தும் விடியாமலும் வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு மனசே இல்லை. பதினெட்டு மாடிக் கட்டடம், மூன்று லிஃப்ட்டும் நின்றுவிட்டது என்று போன். போகாமல் இருக்க முடியுமா அவனால்?

ஹாரன் குளித்து, சலவைச் சட்டை போட்டு, படுக்கையறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காவலுக்குத் தயாராக இருந்தார். அழைப்புமணியின் இணைப்பை அவரே கழற்றி வைத்தார். வீட்டிலிருந்த போன்களை அணைத்துச் சமையலறை அலமாரியில் போட்டுப் பூட்டினார்.

“இன்னைக்கு இந்த ஹாரனோட பேட்டரியையும் கழட்டி வெச்சாச்சு,” என்றார். “நீ வெளிய வர்ற வரைக்கும் ஒரு மூச்சுச் சத்தம் கேக்காது. என் மேல சத்தியம்.”

“சத்தியமெல்லாம் எதுக்கு மாமா.”

“போம்மா, போ. எட்டு மணி ஆச்சு. ஜெயிச்சுட்டு வா.”

கதவைச் சாத்தினாள். அவரை நல்லபடியாகப் பார்த்தது அதுதான் கடைசி.

தேர்வு தொடங்குவதற்குள்ளேயே ஒரு யுகம் ஆனது. வரிசையில் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு முகம் தெரியாத ஒரு குரல் வந்தது. கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டு என்றது. மேஜைக்கு அடியில் காட்டு, கட்டிலுக்கு அடியில் காட்டு. நிலைக்கண்ணாடியைப் போர்வையால் மூடு. முடியை ஒதுக்கி இரண்டு காதையும் காட்டு. காட்டினாள். வேறு யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று குரல் கேட்டது. மாமனார் இருக்கிறார், வர மாட்டார் என்றாள். “வந்தால் தேர்வு ரத்து,” என்று சொல்லிவிட்டுக் குரல் அடங்கியது. அடங்கியதே தவிர, போகவில்லை. இருக்கிறது என்று தெரியும்படி திரையின் மேலே ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

திரையின் ஒரு மூலையில் மணி தெரிந்தது, அதன் கீழே மிச்ச நேரம் இறங்குமுகமாக ஓடியது. இன்னொரு மூலையில் தபால்தலை அளவுக்கு அவளுடைய முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் சாத்திய கதவு, கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம்.

வீடு நிசப்தமாக இருந்தது. இத்தனை மாதத்தில் அவள் கேட்டே இராத நிசப்தம். அதுவே அவளை என்னவோ செய்தது. கூச்சலில் எழுதிப் பழகியவளுக்கு அமைதியில் ஒரே கேள்வியை மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. முதல் பகுதியை எப்படியோ சமாளித்தாள். இரண்டாம் பகுதி தர்க்கம். பாதி தாண்டியிருப்பாள், படிக்கட்டில் யாரோ ஏறி வரும் சத்தம். பார்சல் கொண்டுவந்த ஆள் போலிருக்கிறது, கதவைத் தட்டினான்.

“உஷ்ஷ்!” என்று வெளியே ஹாரன் ரகசியம் பேசுவது சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. “மெதுவாப்பா! உள்ள என் மருமக பரீட்சை எழுதுறா! கொடுத்துட்டு ஓடிப் போயிடு!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். நான்கு கேள்வி மளமளவென்று ஓடியது.

அடுத்த கேள்வியில் மூன்று நகரங்களின் மழை அளவு பற்றி ஒரு பத்தி. அதைப் படிக்கத் தொடங்கியபோது குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கை கழுவும் தொட்டி படுக்கையறை வாசலை ஒட்டித்தான் இருந்தது. தண்ணீர் விழத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தொப்பென்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. தட்டு விழுகிற சத்தமோ நாற்காலி சாய்கிற சத்தமோ இல்லை. நனைந்த துணி மூட்டையைக் கீழே வைத்தது போல ஒன்று. அதன் பிறகு தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

அவள் கண் திரையை விட்டு விலகவில்லை. மூலையில் இருந்த தபால்தலைப் படத்தைப் பார்த்தது. கதவுக்கு அடியில் இருந்த வெளிச்சக் கோட்டில் பாதியைக் காணோம்.

யாரும் குழாயை மூடவில்லை.

அந்த வீட்டில் குழாய் திறந்து கிடக்காது. அது அவளுக்கு அவள் பெயர் தெரிவது போலத் தெரியும். இருந்தாலும் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அது வேண்டியதை நிரூபிக்க எப்போதும் தயாராக இருக்கும். விழுந்திருந்தால் கூப்பிடுவார், கூப்பிடவில்லை, ஆகவே விழவில்லை. பெட்டி வாத்தியார் சொல்லிக்கொடுத்த தர்க்கம். விடை அச்சாகப் பொருந்தியது. சத்தம் போட மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்திருந்ததை அந்தக் கணக்கில் அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்க்கத் தெரியாமல் இல்லை.

எழுந்தால் ரத்து. கதவைத் திறந்தால் ரத்து. “மாமா” என்று ஒரு வார்த்தை குரல் கொடுத்தால்கூட ரத்து. பச்சைப் புள்ளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தொடை இரண்டும் எழுந்துகொள்ளத் தயாராகி இறுகின. இறுகியபடியே இருந்தன. மூன்று நகரங்களில் எதில் மழை அதிகம் என்று கேள்வி கேட்டது. இரண்டாவதை அழுத்தினாள். சரியான விடைதான்.

புலி வருது கதையில் ஆடு மேய்க்கிறவன் கடைசியில் கத்தவாவது கத்தினான். ஊர்தான் வரவில்லை. இங்கே கத்துவதற்கும் ஆள் இல்லை.

மிச்சம் இருந்த அத்தனை கேள்வியையும் அவள் எழுதினாள். எழுந்து போய்வரலாம் என்று நடுவே தரப்பட்ட இடைவேளையை வேண்டாம் என்று அழுத்தித் தாண்டினாள். சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்ப் பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. கடைசிக் கேள்வி முடிந்ததும், உத்தேச மதிப்பெண்ணைப் பார்க்கிறீர்களா என்று திரை கேட்டது. பார்த்தாள். அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும். எழுந்து ஓடுவதற்கு முன் அதைப் பார்த்தாள். கேட்ட பல்கலைக்கழகத்தில் கேட்ட இடம் கிடைக்கும் மதிப்பெண்.

கதவைத் திறந்தாள். ஹாரன் வாசலை அடைத்து ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. வலப்பக்க முகம் தொங்கியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. இடது கை, அந்த நல்ல கை, வாயை இறுக்கிப் பொத்தியிருந்தது.

“மாமா! ஐயோ மாமா!”

அவளைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து கையை எடுத்தார். பேச்சு வரவில்லை. விரல்களை மட்டும் விரித்து லேசாக ஆட்டினார். எவ்வளவு என்று கேட்கிறார்.

“நல்லா வந்திருக்கு மாமா,” என்றாள்.

அவர் முகத்தில் பாதி சிரித்தது.

அவள் குழாயை மூடிவிட்டு, பூட்டிய அலமாரியை உடைத்துப் போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. வழியிலேயே அவர் கண் செருகிவிட்டது. மகன் கிரீஸ் கையோடு நேரே மருத்துவமனைக்கு ஓடி வந்தான். “முடிச்சுட்டு வெளிய வந்து பார்த்தேங்க, கீழ கிடந்தார்,” என்று அவனிடம் சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் அவள் தோளைத் தட்டி, “நீ என்ன பண்ணுவே,” என்றான். அந்தத் தட்டலை அவளால் தாங்க முடியவில்லை.

டாக்டர் சின்னப் பெண். ஸ்கேன் படத்தோடு விறுவிறுவென்று வந்தாள்.

“மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு. ஆனா அடைப்பு வந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டினப்புறம் போட்டா உள்ள ரத்தம் கசிஞ்சு ஆபத்தாயிடலாம். எத்தனை மணிக்கு இப்படி ஆச்சு?”

“தெரியலையேம்மா,” என்றான் மகன். “நான் விடியக்காலையிலேயே கிளம்பிட்டேன்.”

“கடைசியா அவரை நல்லபடியா யார் பார்த்தது?”

“நான்தான்,” என்றாள் மருமகள். “எட்டு மணிக்கு.”

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரை தாண்டியிருந்தது. உதட்டைக் கடித்தாள். “அதுக்கப்புறம் எப்ப விழுந்தார்னு தெரியலைன்னா, நான் எட்டுன்னுதான் வெச்சுக்கணும். அப்போ ஊசி போட முடியாது. ஸாரி.”

டாக்டர் படத்தை மடித்துத் திரும்பினாள். மகன் சுவரில் கை வைத்து நின்றான். மருமகள் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் பிழைத்தாலும் சொல்லப் போவதில்லை, அவரை அவளுக்குத் தெரியும்.

“டாக்டர்,” என்றாள். “எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“விழுந்த நேரம். பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி பார்சல்காரன்கிட்ட பேசினார். தெளிவாப் பேசினார். அப்புறம் குழாயைத் திறந்தார். அப்புறம் விழுந்தார்.”

“ஊகமா, நிச்சயமா?”

“நிச்சயம். கண்ணு முன்னாடி கடிகாரம் ஓடிட்டிருந்துச்சு.”

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தாள். என்னவோ கேட்க வந்து, கேட்காமல் விட்டாள். கேட்க நேரம் இல்லை. “சிஸ்டர், ஊசி ரெடி பண்ணுங்க!” என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

தாழ்வாரத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். மகன் சுவரிலிருந்து கையை எடுத்தான். சுவரில் கிரீஸ் அப்பியிருந்தது.

“கேட்டுச்சா உனக்கு?” என்றான்.

“கேட்டுச்சு.”

“குழாய்ச் சத்தமும்?”

“கேட்டுச்சுங்க.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். “எவனோ முன்னப் பின்ன தெரியாதவன் மணி அடிச்சா, நான் சோத்தை விட்டுட்டு ஓடுறேன்,” என்றான். போய் தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்தாள். “மருமக யாரு? உள்ள வாங்க. ஊசி போட்டாச்சு. தெரிஞ்ச குரல் கேட்டா திரும்புறாரான்னு பார்க்கணும். இந்தப் பக்கம் நின்னு கூப்பிடுங்க.”

ஹாரன் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக் கிடந்தார். சலவைச் சட்டையை வெட்டி எடுத்திருந்தார்கள். இடது கை விரிப்பின் மேல் தனியாகக் கிடந்தது.

“மாமா,” என்றாள்.

அவர் திரும்பவில்லை.

“இன்னும் சத்தமா,” என்றாள் நர்ஸ்.

“மாமா! பால் பொங்குது மாமா!”

நர்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவள் அதைக் கவனிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, வாசல்ல என் ஆபீஸர் வந்து நிக்கிறார். உங்க புள்ள ரெண்டாவது பொண்டாட்டியோட வந்திருக்கார், வந்து நாற்காலி எடுத்துப் போடுங்க. மாமா, குழாய் திறந்து கிடக்குது. யாருமே மூடல மாமா.”

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக அவள் வாழ்நாளில் பேசியதில்லை. கட்டிலில் இருந்த தலை அசையவில்லை. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டாள்.